உகந்தை – கதிர்காமம் நடை: ஆற்றில் இறங்கும் முன்

திருத்தணியில் 365 படி ஏறினவன்தானேன்னு தைரியமா, இலங்கையில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் கடலோரக் காட்டுவழியில் நடந்தேன். நடுவில் கும்புக்கன் ஆறு. பாலம் இல்லை, இறங்கித்தான் கடக்கணும். முழங்கால் அளவுதானேன்னு தனியா கால் வைத்தேன். கூட வந்த மட்டக்களப்பு ஐயா கையைப் பிடித்து நிறுத்தினார்: "பொறுங்க தம்பி, தண்ணி கலங்கி வருது." மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறிடும். முதலையும் உண்டு. மறுநாள் காலை தண்ணீர் தெளிந்த பிறகு, கைகோர்த்து வரிசையாகக் கடந்தோம்.

முகத்துவார மணல்திட்டு வழியா போறவங்க கடல் வற்றும் நேரம் பார்க்கணும். கதிர்காமக் கொடியேற்றம் அமாவாசையை ஒட்டி வரும். கடலேற்றமும் அப்போதான் அதிகம். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கிளம்பும் அன்றைக்கே உகந்தை மீனவர்களிடம் கேட்டுக்கோங்க.