கல்லூரி பேஸ்பாலுக்கு வரும் இளம் பயிற்சியாளருக்கு

சிறுவர் பேஸ்பாலிலும் கல்லூரி பேஸ்பாலிலும் ஹோம் பிளேட்டின் அகலம் ஒன்றே: 17 அங்குலம். மற்ற அளவுகள் மாறுகின்றன. லிட்டில் லீகில் 46 அடியிலிருந்து பந்து வீசிய பையன் கல்லூரியில் 60 அடி 6 அங்குலத்திலிருந்து வீசுகிறான். பேஸ்களுக்கு இடையிலான தூரம் 60 அடியிலிருந்து 90 அடியாகிறது. சிறுவர் வழிகாட்டியாகப் பழகி, அமெரிக்கக் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராகப் போகும் இளைஞரின் வேலையும் இதுபோலத்தான் மாறுகிறது.

நகர்ப்புறச் சிறுவர்களுக்காக ஜான் யங் 1989-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஆர்பிஐ போன்ற திட்டங்களில், பையனை ஆட்டத்தில் தக்கவைப்பதே முதல் வேலை. கல்லூரியில் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில், வருவாயை வீரர்களோடு பகிரும் 2025-இன் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளுக்கு அணியின் உச்சவரம்பு 34 பேர். ஆட்டத் தொடக்கத்தில் பட்டியலில் இருப்பதோ பெரும்பாலும் பத்துப் பெயர்கள். மீதிப் பேர் டக்அவுட்டில். வழிகாட்டியாக இருந்தவருக்கு இங்கே ஒரு சறுக்கல் உண்டு: இடம் கிடைக்காத பையனின் தோளைத் தட்டித் தேற்றிவிட்டுக் காரணத்தை விழுங்கிவிடுவார். தேறுதலைவிடக் காரணமே அவனுக்குத் தேவை. பட்டியலை ஒட்டுவதற்கு முன்பே, தனியாக, எது குறைகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

கீழிருந்து மேலே வருவது குறையல்ல. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு 1991-க்கும் 2000-க்கும் இடையில் ஐந்து தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த ஸ்கிப் பெர்ட்மன், மயாமி பீச்சில் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கிளம்பியவர்தான்.

சிறுவர்களோடு பழகிய அனுபவம் உண்மையில் கைகொடுக்கும் இடம் பிட்சரின் முழங்கை. லிட்டில் லீக் 2007-இல் இன்னிங்ஸ் கணக்கை விட்டு, வீசிய பந்துகளை எண்ணத் தொடங்கியது. 2017 முதல் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கும் அப்படியொரு வரம்பு வந்தது. கல்லூரி விதிநூலில் அது இல்லை. இளம் பிட்சர்களின் கையைக் காக்க வகுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டல் 17, 18 வயதுக்கு ஒரு நாளில் 105 பந்து, 19 முதல் 22 வரை 120 என்கிறது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. அதுவரை விதி பார்த்துக்கொண்ட காவலைக் கல்லூரியில் பயிற்சியாளர்தான் பார்க்க வேண்டும்.

"கை எப்படி இருக்கு?" என்று பிட்சர் வீசும் மேட்டில் நின்று கேட்டால் "நல்லா இருக்கு கோச்" என்றுதான் பதில் வரும். வலியைச் சொன்னால் இடம் போய்விடுமே என்ற பயம். ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும்: காலையில் தலை சீவும்போது கை தயங்கியதா, இரவில் எந்தப் பக்கம் படுத்தான். கண்ணும் வேலை செய்ய வேண்டும். வேகம் இறங்குவது, பந்து குறிக்கு மேலே போவது, வீசிய பின் கையை உதறுவது, ஒவ்வொரு பந்துக்கும் கூடுதல் நேரம் எடுப்பது எல்லாம் வாய் சொல்லாததைச் சொல்லும்.

பிட்சர் டாமி ஜானின் கதையும் இங்கே குறுக்கிடுகிறது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய முழங்கைத் தசைநாரை, முன்கையிலிருந்து எடுத்த நாரைக் கொண்டு புதுப்பித்தார். 1976-இல் களம் திரும்பிய டாமி ஜான் அதன்பின் 164 ஆட்டங்களை வென்றார். அந்த வெற்றியின் துணைவிளைவாக, அறுவை செய்துகொண்டால் கை முன்னைவிட வலுக்கும் என்ற நம்பிக்கை பையன்களிடமும், வருத்தத்துக்குரிய விதத்தில் சில பெற்றோரிடமும் பரவியது. அறுவை சேதத்தைச் சரிசெய்கிறது, அவ்வளவே. திரும்பி வர பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும், எல்லோரும் திரும்புவதில்லை.

பருவ காலத்தில் அணிப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரமே என்று விதி இருக்கிறது. வழிகாட்டியின் கைபேசிக்கு அந்த வரம்பு கிடையாது. நள்ளிரவிலும் அழைப்பு வரும். பாடத்தில் தோற்ற கவலையை, வீட்டு நினைவைக் கேட்டுக்கொள்ளலாம். மனச்சோர்வு, போதை, வன்முறை என்று பேச்சு போனால் கல்லூரியின் ஆலோசகரிடம் கூடவே நடந்துபோய்ச் சேர்க்க வேண்டும். ரகசியம் காப்பதாக முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கூடாது. சில விஷயங்களைக் கல்லூரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய கடமை பயிற்சியாளருக்கு உண்டு என்பதைப் பருவத்தின் முதல் கூட்டத்திலேயே பையன்களிடம் சொல்லி வைப்பது முறை.