வெள்ளிப் பிடரிக் குதிரையும் ஒரு கால் பங்கும்

முழு வளர்ச்சி பெற்ற ஒரு குதிரை உங்கள் வகுப்பு மேசையைவிடச் சற்றே உயரமாக நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அமெரிக்காவில் இத்தகைய குதிரைகளை வளர்ப்போருக்கென 1978-இல் ஒரு சங்கம் தோன்றியது. அதன் பதிவேட்டில் இடம்பெற வேண்டுமானால் குதிரையின் உயரம் 34 அங்குலத்தைத் (ஏறத்தாழ 86 செ.மீ.) தாண்டக் கூடாது. பிடரியின் கடைசி மயிர் முளைக்கும் இடத்திலிருந்து தரைவரை அளப்பார்கள். அர்ஜென்டினா நாட்டின் பலபெல்லா குதிரைகளும் இப்படிப்பட்ட குள்ள இனமே.

இவற்றின் எடையை ஒரு சிறு கணக்கால் ஊகிக்கலாம். 60 அங்குல உயரமுள்ள சவாரிக் குதிரையின் எடை 450 கிலோ என்று கொள்வோம். உயரம் 34/60 மடங்காகக் குறைந்தால், பருமன் அதன் மும்மடியாக, அதாவது சுமார் 0.18 மடங்காகக் குறையும். விடை 82 கிலோ. உண்மையான குள்ளக் குதிரைகளின் எடையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் எல்லா உறுப்புகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பிறக்கும் குட்டியின் தலை உடலுக்கு ஒப்பச் சுருங்காமல் பெரிதாகவே இருப்பதுண்டு. ஆகையால் பெரிய குதிரைகளைவிட இவற்றுக்கு ஈற்றுச் சிக்கல் அதிகம்.

கண்காட்சிகளில் இக்குதிரைகளின் உடலமைப்பும் நடையும் முதலில் மதிப்பிடப்படும். நிறத்துக்கெனத் தனிப் போட்டிகளும் நடப்பதுண்டு. அங்கே பலர் கண்ணையும் கவர்வது 'வெள்ளி' நிறம். உடல் சாக்லேட் பழுப்பு. அதன்மேல் நாணயம் நாணயமாக வெளிறிய வட்டங்கள். பிடரியும் வாலும் வெள்ளியைப்போல் வெளுத்திருக்கும். அரபுக் குதிரைகளில் இந்நிறம் இல்லை. ஷெட்லாந்து, ஐஸ்லாந்து, ராக்கி மலைக் குதிரை போன்ற சில இனங்களிலும் நம் குள்ளக் குதிரைகளிலும் உண்டு.

இந்த நிறம் எப்படி வருகிறது? குதிரையின் மயிரில் இரண்டே நிறமிகள்தாம் உள்ளன. கருநிறம் தருவது யூமெலானின். செந்நிறம் தருவது பியோமெலானின். நிறமிச் செல்லுக்குள் கருநிறமி கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. தறியில் பாவு நூல் கட்டியிருப்பதுபோல், நுண்ணிய புரத இழைகள் அங்கே விரிக்கப்பட்டிருக்கின்றன. நிறமி அவற்றின்மேல் படிந்து சேர்கிறது. அந்த இழைகளுக்குரிய புரதத்தை உண்டாக்கும் ஜீனின் பெயர் பி-மெல். 2006-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள், வெள்ளி நிறக் குதிரைகளில் இந்த ஜீனில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டறிந்தார்கள். புரதத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் வந்து அமர்ந்துவிட்டது. கருநிறமி நீர்த்துப் போவதற்கு அதுவே போதும். செந்நிறமியை இந்த மாற்றம் தொடுவதில்லை. ஆகவே முழுச் செந்நிறக் குதிரை ஒன்று வெள்ளி ஜீனைச் சுமந்துகொண்டிருந்தாலும் பார்வைக்கு அது வெறும் செங்குதிரையாகவே இருக்கும். இதை மறவாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி மெண்டல் கணக்குக்கு வருவோம். வெள்ளி ஜீனை 'வெ' என்றும், மாறாத ஜீனை 'சா' என்றும் குறிப்போம். வெ ஓங்கு பண்புடையது. எனவே கருங்குதிரை ஒன்றில் ஒரே ஒரு வெ இருந்தாலும் அது வெள்ளியாகத் தோன்றும்.

வளர்ப்பவர் ஒருவரிடம் வெசா வகை வெள்ளிப் பெட்டை இருக்கிறது. அதைச் சாசா வகைக் கருங்குதிரையுடன் சேர்க்கிறார். இரண்டிலும் செந்நிற ஜீன் மறைந்திருக்கவில்லை என்றும் கொள்வோம். அப்போது குட்டி வெள்ளியாகப் பிறக்கும் வாய்ப்பு 1/2. பெட்டைக்குச் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிக்குமேல் எதிர்பார்க்க முடியாது. நான்கு ஆண்டில் நான்கு குட்டிகள். நான்கும் கருப்பாகவே போய்விடும் வாய்ப்பு (1/2) × (1/2) × (1/2) × (1/2), அதாவது 1/16. பதினாறு வளர்ப்பாளர்களில் ஒருவருக்கு நேரக்கூடியது. தீவனச் செலவு ஏறியிருக்கும்; பரிசுக் கோப்பை ஒன்றும் வந்திராது. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றும்: 'வெள்ளிப் பெட்டையை வெள்ளி ஆண் குதிரையுடனேயே சேர்த்தால் என்ன?'

வெசா, வெசா இணைந்தால் கால் பங்கு வெவெ, அரைப் பங்கு வெசா, கால் பங்கு சாசா. வெள்ளிக் குட்டிக்கான வாய்ப்பு 1/2-இலிருந்து 3/4 ஆக உயர்ந்துவிட்டது. நல்ல ஆதாயம் என்றுதான் தோன்றும். ஆனால் சற்று உற்றுப் பாருங்கள். வெசா வகைக் குட்டிகளின் பங்கு முன்பும் அரை, இப்போதும் அரை. கூடுதலாகக் கிடைத்த கால் பங்கு முழுவதும் வெவெ வகை.

அந்தக் கால் பங்கின் கண்ணில்தான் வினை இருக்கிறது. ராக்கி மலைக் குதிரைகளில் பிறவிக் கண் கோளாறு ஒன்று முதலில் விவரிக்கப்பட்டது. வெள்ளி நிறத்தை உண்டாக்கும் அதே பி-மெல் மாற்றமே இதற்கும் காரணம் என்பது 2013-இல் உறுதிப்பட்டது. கண்ணின் உட்புறத்திலும் நிறமிச் செல்கள் உண்டல்லவா? வெசா குதிரைகளுக்குப் பெரும்பாலும் ஐரிஸுக்குப் பின்னால் நீர்க்கட்டிகள் தோன்றும். பார்வை அவ்வளவாகக் கெடுவதில்லை. வெவெ குதிரைகளின் நிலை கடுமையானது. ஐரிஸ் சரியாக வளர்ந்திராது, கண்பாவை சுருங்கியபடியே இருந்து இருளிலும் விரிய மறுக்கும், கண்புரையும் வரலாம். கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியா குமிழ்போல் புடைத்திருக்கும்.

கடைசியாகச் சொன்னது நம் ஒளியியல் பாடத்தில் வருவதே. வளைபரப்பின் ஆரம் குறைந்தால் அதன் திறன் கூடும். பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். கிட்டப்பார்வை என்று நாம் சொல்வது இதைத்தானே! ராக்கி மலைக் குதிரைகளை அளந்து பார்த்தபோது வெவெ வகையில் கிட்டப்பார்வை காணப்பட்டது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள முடியாத பிராணிக்கு, நிழலைக் கண்டாலே மிரளும் பிராணிக்கு, இது சிறு குறையன்று. கண்காட்சித் திடலிலோ வெவெ குதிரையும் வெசா குதிரையும் ஒன்றுபோல மின்னக்கூடும். நிறத்துக்குப் பரிசு தரும் நடுவர் கண்மணி விரிகிறதா என்று சோதிப்பதில்லை.

சரி, 'வெள்ளியையும் வெள்ளியையும் சேர்க்காவிட்டால் போதும்' என்று இருந்துவிடலாமா? முடியாது. முன்பு சொன்ன செங்குதிரையை நினைவுகூருங்கள். கருநிற ஜீனை 'க' என்றும், ஒடுங்கு பண்புடைய செந்நிற ஜீனை 'செ' என்றும் கொள்வோம். ஆண் குதிரை வெள்ளி: வெசா, கசெ. பெட்டை செந்நிறம்: செசெ. அதனுள் வெசா மறைந்திருப்பது யாருக்கும் தெரியாது. இவ்விரு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் வாய்ப்புகளைப் பெருக்கிக்கொள்ளலாம். குட்டி வெவெ ஆக 1/4. செசெ ஆக 1/2. இரண்டும் சேர 1/8. எட்டில் ஒரு குட்டிக்கு வெள்ளி நிறமும் கிட்டாது, கண் மட்டும் கெடும். பிறந்ததைப் பார்ப்பவர், 'செங்குட்டிதானே, வெள்ளிக்கும் இதற்கும் என்ன?' என்றே எண்ணுவார்.

இதைத் தவிர்ப்பது இன்று அரிய வித்தையன்று. பிடரியிலோ வாலிலோ சில மயிர்களை வேரோடு பிடுங்கி அனுப்பினால், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து மரபியல் கூடம் போன்ற இடங்களில் அது வெவெ, வெசா, சாசா ஆகியவற்றில் எது என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கான செலவு, பிறந்த குட்டியைப் பின்னர் கண் மருத்துவரிடம் கொண்டு செல்வதோடு ஒப்பிட்டால் அற்பம் என்பது என் கருத்து.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. ஒருவர் வெவெ வகை ஆண் குதிரை ஒன்றை விலைக்கு வாங்கிச் சாசா வகைக் கரும் பெட்டைகளுடன் சேர்க்கிறார். ஆண் குதிரையிலும் பெட்டைகளிலும் செந்நிற ஜீன் இல்லை. அவருக்குப் பிறக்கும் குட்டிகளில் எத்தனை பங்கு வெள்ளி? எத்தனை பங்கு வெவெ? விடை அவருக்கு மிகவும் இனிக்கும். அந்தக் குட்டிகளை வாங்கிச் செல்லும் இருவர், அவற்றைத் தமக்குள் இணை சேர்த்தால் அடுத்த தலைமுறையில் என்ன ஆகும் என்பதையும் கட்டம் போட்டுப் பாருங்கள்.