நஜீஸ்: ஆடையிலா, உள்ளத்திலா?

சிறுநீர் பட்ட ஆடை நஜீஸ், கழுவினால் சுத்தமாகிவிடும். ஆனால் அல்மாயிதா அத்தியாயத்தின் 90வது வசனம் மதுவோடு சூதாட்டத்தையும் 'ரிஜ்ஸ்' என்கிறது. சூதாடியவன் கையில் என்ன ஒட்டியிருக்கிறது? செயல்தான் அசுத்தம்.

அத்தவ்பா 28வது வசனம் இணைவைப்போரை 'நஜஸ்' என்பதும் கொள்கையைக் குறித்தே, உடலை அல்ல என்பது பெரும்பான்மை அறிஞர்களின் விளக்கம். ஸுமாமா (ரலி) இஸ்லாத்தை ஏற்கும் முன்பே நபியவர்களின் பள்ளிவாசல் தூணில் கட்டப்பட்டிருந்தார். ஒரு பயணத்தில் இணைவைக்கும் பெண்ணொருத்தியின் தோல்பைத் தண்ணீரை நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பயன்படுத்தினார்கள்.

அப்படியிருக்க, மாற்றுமதத்து அண்டைவீட்டார் குடித்த டம்ளரை நீங்கள் தனியே ஒதுக்கி வைத்தால், கழுவ வேண்டியது எதை? பெருமையும் பொறாமையும் படிந்த உள்ளத்தைத் தண்ணீர் கழுவாது, தவ்பாதான் கழுவும்.

அல்லாஹ் நம் ஆடைகளையும் உள்ளங்களையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.