35,000 அடி உயரத்தில் ஒரு பந்தி

கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு நடக்கும் கல்லூரிப் பையனைக் கவனித்திருக்கிறீர்களா? எந்த இலையில் சோறு தீரப்போகிறது, எந்தப் பெரியவருக்கு இனிப்பு ஆகாது, “போதும்” என்று கை காட்டுகிறவர்களில் யார் நிஜமாகச் சொல்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். யாரும் அவனுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பெரிய விமான நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் ஒரு பகுதி அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் படித்துக்கொண்டே “அடுத்து என்ன?” என்று யோசிப்பவர்களும், பிளஸ் டூ முடித்துவிட்டுச் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் இந்தக் கட்டுரையைப் படிக்கலாம். விமானத்தின் பிசினஸ் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸில் உணவு பரிமாறுவது ஒரு தொழில். அதற்குள் நுழைய வழி இருக்கிறது.

சந்தை எங்கே?

தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். ஆனால் அங்கே வந்துபோகும் சிறிய ஏடிஆர் விமானங்களில் உயர்வகுப்பு கிடையாது. அதற்குப் பெரிய விமானங்கள் வேண்டும்.

அந்தச் சந்தை நம் நாட்டிலேயே மாறிக்கொண்டிருக்கிறது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் திரும்பியது. 2024 நவம்பரில் விஸ்தாரா அதோடு இணைந்தது. மலிவுக் கட்டணத்துக்குப் பேர்போன இண்டிகோவும் அதே மாதம் டெல்லி–மும்பை தடத்தில் ‘ஸ்ட்ரெச்’ என்ற பிசினஸ் வகுப்பைத் தொடங்கியது; சாப்பாட்டுப் பெட்டி ஓபராய் ஹோட்டல் குழுமத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களில் எமிரேட்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இந்தச் சேவைக்குப் பெயர் பெற்றவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் உயர்வகுப்புப் பயணி, புறப்பட 24 மணி நேரம் முன்பே தனக்கு வேண்டிய உணவைச் சொல்லிவைக்கலாம். சமையல் கலைஞர் சஞ்சீவ் கபூரோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஷாஹி தாலி’யும் அவர்களிடம் உண்டு. ஒரே தட்டில் பல கிண்ணம் வைத்துக் கொடுப்பது நமக்குப் புதிதா என்ன?

மேலே சமைப்பதில்லை

விமானத்தின் சமையல்கட்டுக்கு ‘கேலி’ என்று பெயர். அங்கே சமையல் நடப்பதில்லை. சென்னையில் தாஜ்சாட்ஸ், அம்பாசடர்ஸ் ஸ்கை செஃப் போன்ற கேட்டரிங் நிறுவனங்கள் தரையிலேயே சமைத்து, சட்டென்று குளிரவைத்து, சுமார் 5 டிகிரிக்குக் கீழே பாதுகாத்து, உயரத் தூக்கும் லாரியில் கொண்டுபோய் ஏற்றிவிடுகின்றன. மேலே போனதும் அடுப்பில் சூடுபடுத்துவதும், உயர்வகுப்பென்றால் பீங்கான் தட்டுக்கு மாற்றி அழகாக எடுத்துவைப்பதும் உங்கள் வேலை.

மேலே நாக்கும் மாறிவிடும். கேபினின் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலையில் நிற்பதற்குச் சமம். காற்று வறண்டிருக்கும், எஞ்சின் இரைச்சல் ஓயாது. லுஃப்தான்சா கேட்டுக்கொண்டதன் பேரில் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகம் இதைச் சோதித்தது. உப்பும் இனிப்பும் மங்கிப்போக, புளிப்பும் மசாலா வாசமும் பெரிதாகக் குறையவில்லை. பயணி “உப்பில்லையே” என்றால் சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள். உப்பு, மிளகுப் பொட்டலத்தைக் கேட்கும் முன்பே தட்டருகே வையுங்கள்.

தட்டு எப்படி வைப்பது?

வாழையிலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஊரே பார்க்கும். விமானத் தட்டுக்கும் இப்படி ஒரு திசை உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் சில்லறை வித்தியாசம் இருந்தாலும் அடிப்படை இதுதான்:

1. தட்டில் சின்னம் இருந்தால் அது பயணிக்கு எதிர்ப்புறம், கடிகாரத்தின் 12 மணி இருக்கும் இடத்தில். கறியோ மீனோ பன்னீரோ, முக்கிய உணவு அவர் பக்கம், 6 மணி இடத்தில்.

2. முதலில் சூடான டவல், பிறகு பானம், மேசைத் துணி, தொடக்க உணவு, முக்கிய உணவு, இனிப்பு, காபி. இரண்டு மணி நேரப் பயணமென்றால் இவற்றில் பெரும்பகுதி ஒரே ட்ரேயில் வந்துவிடும்.

3. தட்டை ஓரத்தில் பிடியுங்கள், கட்டைவிரல் உள்ளே போகக் கூடாது. டம்ளரின் வாயைத் தொடவே கூடாது.

4. குழம்பு தட்டின் விளிம்பில் சிந்தினால் துடைத்த பிறகே கேலியை விட்டு வெளியே வாருங்கள். கொத்தமல்லி, எலுமிச்சை போன்றவை சூடுபடுத்திய பிறகு வைக்க வேண்டியவை. அடுப்பில் போனால் கருகும்.

5. சிறப்பு உணவுகளுக்கு நான்கெழுத்துக் குறிகள் உண்டு: இந்திய முறைச் சைவத்துக்கு ஏவிஎம்எல், ஜைன உணவுக்கு விஜேஎம்எல், இஸ்லாமிய உணவுக்கு எம்ஓஎம்எல், சர்க்கரை நோயாளிக்கு டிபிஎம்எல். பெயரையும் இருக்கை எண்ணையும் சரிபார்க்காமல் இவற்றைக் கொடுக்காதீர்கள். சைவக்காரர் தட்டில் கறி போனால் எந்த மன்னிப்பும் பத்தாது.

வற்புறுத்தாதீர்கள்

நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பந்தியில் “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கரண்டி” என்று வற்புறுத்துவது பாசம். போதும் என்றவர் இலையிலும் ஒரு கரண்டி விழுந்தால்தான் உபசரிப்பு நிறைவாகிறது. விமானத்தில் அதே வற்புறுத்தல் தொந்தரவு. உயர்வகுப்புப் பயணிகளில் பலர் காசு கொடுத்து வாங்குவது தூக்கத்தையும் தனிமையையும்தான். “சாப்பாடு வேண்டாம், எழுப்பாதீர்கள்” என்றால் அப்படியே விடுங்கள். விழித்ததும் தண்ணீரோடு போய் நில்லுங்கள்.

கவனிப்பில் குறை வைக்காதீர்கள், பேச்சில் குறையுங்கள். பயணியின் பெயரைச் சொல்லி ஆர்டர் எடுங்கள். மெனுவை ஒப்பிக்காமல் இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். கேட்ட உணவு தீர்ந்துபோனால் “இல்லை” என்று முடிக்காமல், இருப்பதில் அவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துச் சொல்லுங்கள். அதற்கு அவர் முன்பு எதைச் சாப்பிட்டார், எதை ஒதுக்கினார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

பந்திக்குக் கடைசி, ஆபத்துக்கு முதல்

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பது பழமொழி. இந்த வேலையில் அது தலைகீழ். நீங்கள் கடைசியில் சாப்பிடுவீர்கள், ஆபத்தென்றால் முதலில் எழுந்து நிற்பீர்கள். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட நீர்ஜா பனோட் அப்படி நின்றவர். அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது.

விமானம் ஒன்றுக்கு அனுமதி தரும்போதே, பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்ற முடியுமா என்று சோதிப்பார்கள். அந்த 90 விநாடியை நடத்துவது நீங்கள்தான். அதனால்தான் ஏறும்போதும் இறங்கும்போதும் மேசையில் ஒரு டம்ளர்கூட இருக்கக் கூடாது. எவ்வளவு அழகாக வைத்தாலும், தரையிறங்கும் முன் எடுத்து முடிக்காவிட்டால் பரிமாறல் தோல்விதான். விமானம் குலுங்கினால் காபியை நிறுத்துங்கள், ட்ராலியின் பிரேக்கை மிதியுங்கள். உள்நாட்டு விமானங்களில் மது கிடையாது. பன்னாட்டு விமானத்தில் ஒருவர் அளவு மீறினால் மரியாதையாக மறுக்கவும் தெரிய வேண்டும்.

நுழைவது எப்படி?

நேர்வழி, விமான நிறுவனம் நடத்தும் நேர்காணல். பொதுவாகப் பிளஸ் டூ, 18 வயது, தடுமாறாத ஆங்கிலம் கேட்பார்கள். எமிரேட்ஸ் 21 வயது, 160 செ.மீ. உயரம், நுனிக்காலில் நின்று 212 செ.மீ. எட்டும் கை, வாடிக்கையாளர் சேவையில் ஓராண்டு அனுபவம் எதிர்பார்க்கிறது. சேர்ந்தவுடன் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடைத்துவிடாது. எகானமியில் தொடங்கித்தான் மேலே போவார்கள்.

இன்னொரு வழி ஹோட்டல் மேலாண்மைப் படிப்பு. சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனமும், திருச்சி துவாக்குடியில் மாநில நிறுவனமும் இருக்கின்றன. மத்திய நிறுவனத்துக்குத் தேசிய நுழைவுத் தேர்வு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள். தரமணியில் படிக்கவும் விமானப் பணிப் பயிற்சிக்கும் தாட்கோ உதவித் திட்டங்களை அறிவித்திருக்கிறது. இந்தப் படிப்பு இருந்தால், பறக்கப் பிடிக்காவிட்டாலும் கேட்டரிங் சமையலறையிலும் விமான நிலைய லவுஞ்சிலும் இடம் கிடைக்க வாய்ப்புண்டு.

ஒரு எச்சரிக்கை. ‘ஏர் ஹோஸ்டஸ் டிப்ளமா’ என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் மையங்களில் பணம் கட்டும் முன் வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். அந்தச் சான்றிதழ் வேலைக்கு உத்தரவாதம் அல்ல. வேலைக்கே பணம் கேட்டால், கேட்பது மோசடிக்காரர்.

இந்த மாதமே தொடங்கலாம்

ஒரு ட்ரேயில் நான்கு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, சிந்தாமல் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். அம்மா சமைத்ததை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். புதிதாகச் சந்திக்கும் பத்துப் பேரின் பெயரை மாலைவரை நினைவில் வைத்திருங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் பந்தியில் உட்காராமல் வாளியை வாங்குங்கள். ஒரு வரிசை முழுக்க, யாரும் வாய் திறந்து கேட்கும்படி விடாமல், யாரையும் வற்புறுத்தாமல் பரிமாறிப் பாருங்கள். அது முடிந்தால் விண்ணப்பம் போடுங்கள்.