கேட்டால் கிடைக்கும் ஒரு மணி நேரம்

(இந்த மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச வேண்டிய பாடம்)



ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்த பிறகு ஒரு அம்மா அழுதுவிட்டார். அவர் மகளுக்குப் பார்வை குறைவு. "எல்லாம் படிச்சிருந்தா மேடம். கேள்வித்தாளை கண்ணுகிட்ட வெச்சுப் படிச்சு எழுதறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு" என்றார். பத்தாம் வகுப்புக் கணக்கில் மகள் தேறவில்லை. கூடுதல் நேரம் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாதம் இரண்டு முறை அந்த ஊருக்குப் போகும் நாங்களும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் பிரிவு 17, தேர்வு முறையில் தேவையான மாற்றம் செய்யச் சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை அதில் உண்டு. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். அப்படியானால் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். குறைபாடு 40 சதவீதம் இல்லை என்ற காரணத்துக்காகவே எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

"மத்த பிள்ளைங்களுக்கு இது ஓரவஞ்சனை இல்லையா?"

பல குழுக்களில் இப்படிக் கேட்கிறார்கள். நம் குழுவில் கையெழுத்துப் போடத் தெரியாத அக்கா கைநாட்டு வைக்கிறார். அதற்காக அவர் சேமிப்பு குறைந்துவிடுமா? கடன் பெறும் உரிமை போய்விடுமா? தேர்விலும் அப்படித்தான். கேள்வித்தாளைப் படிக்கவும் பதிலை எழுதவும்தான் உதவி. பதில் பிள்ளையின் மூளையிலிருந்துதான் வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மருத்துவச் சான்று, அடையாள அட்டை இரண்டையும் பள்ளி திறந்ததுமே தயார் செய்யுங்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

2. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள். பள்ளி வழியாகத்தான் அது தேர்வுத் துறைக்குப் போகும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

3. எழுதுபவர் வேண்டுமென்றால் வீட்டிலேயே பழக்குங்கள். பிள்ளை சொல்ல, அக்காவோ தம்பியோ எழுதட்டும். கணக்கையும் படத்தையும் வாயால் சொல்வது ஒரே நாளில் வராது.

4. நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தரைத்தள அறையும், பக்கத்தில் கழிப்பறையும் முன்கூட்டியே கேளுங்கள்.

5. தேர்வுக்குப் பத்து நாள் முன்பே அனுமதி வந்துவிட்டதா என்று பள்ளியில் விசாரியுங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் ஊரில் இப்படி எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? அவர்களில் யாருக்கு அட்டை இல்லை? அந்த அம்மாவோடு பள்ளிக்குப் போகப்போவது யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

முதலில் சொன்ன அந்த மகள் துணைத் தேர்வைக் கூடுதல் நேரத்தோடு எழுதித் தேறிவிட்டாள். "முதல்லயே தெரிஞ்சிருந்தா எம்பொண்ணு அழுதிருக்க மாட்டா" என்றார் அந்த அம்மா. அடுத்த பிள்ளை அழாமல் பார்த்துக்கொள்வோம், சகோதரிகளே.