எதில் நூற்றுக்கு?
(சதவீத மாற்றக் கணக்குகள் குறித்து ஒரு விளக்கம்)

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் கணிதம்

பள்ளியில் படித்த காலத்தில் சதவீதக் கணக்கு என்றால் எனக்குத் தனி மகிழ்ச்சி. சூத்திரத்தை எழுதுவதும், எண்களைப் பொருத்துவதும், விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பதுமாக ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கணக்கே பின்னொரு நாள் எங்கள் கடையில் என்னைத் தலைகுனிய வைத்தது. என் தவற்றை மறைக்காமல் எழுதினால் படிப்போருக்குப் பயன்படும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் என் தந்தையார் ஒரு சிறிய சிற்பக் கடை வைத்திருக்கிறார். மாக்கல்லில் செதுக்கிய சிறு பிள்ளையார் சிலைதான் அதிகம் விற்பது. விலை 500 ரூபாய். கல், கூலி, மெருகு எல்லாம் சேர்ந்து அடக்க விலை 440 ரூபாய். மார்கழி மாதம் நாட்டிய விழாவை ஒட்டி வெளியூர்க் கூட்டம் நிறைய வரும். சென்ற ஆண்டு அந்தச் சமயத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். "விலையை 20 சதவீதம் ஏற்றி எழுதுவோம். வாசலில் 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைப்போம். ஏற்றியதும் இறக்கியதும் சரியாகிவிடும். பழைய 500 ரூபாய் நம் கைக்கு வந்துவிடும்" என்றேன். ஏற்றி இறக்கும் அந்த வித்தை தந்தையாருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும், கல்லூரியில் கணிதம் படிக்கிற பிள்ளை சொல்கிறதே என்று சம்மதித்தார்.

நான் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குப் பேருந்தில் வந்துவிடுவேன். கடையில் என் தம்பி கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பணம் வாங்குவான். விழா முடிந்ததும் தந்தையார் நோட்டைப் பார்த்தார். விற்ற சிலைகள் 75. வந்திருக்க வேண்டியது 37,500 ரூபாய். வந்ததோ 36,000 ரூபாய். கடை வாடகைக்கென்று எடுத்து வைக்கும் பணத்தில் 1,500 ரூபாய் துண்டு விழுந்தது. தம்பி மீது நான் பாய்ந்தேன். தந்தையார் என்னைத் தடுத்து, "ஏம்மா, ஏத்துனது இருபது, இறக்குனது இருபதுன்னியே, எதுல இருபது?" என்று கேட்டார். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை.

நண்பர்களே, சதவீத மாற்றக் கணக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. 500 ரூபாயில் 20 சதவீதம் 100 ரூபாய். எனவே ஏற்றிய விலை 600. தள்ளுபடியோ 500-க்கு அன்று, 600-க்கு. 600-இல் 20 சதவீதம் 120 ரூபாய். ஆகவே கைக்கு வந்தது 480. சிலைக்கு 20 ரூபாய் குறைவு. 75 சிலைக்கு 1,500. தம்பி போட்ட கணக்கு சரி. நான் சொன்ன யோசனைதான் தவறு.

சூத்திரம் நாம் அறிந்ததே:

சதவீத மாற்றம் = (புதிய மதிப்பு − பழைய மதிப்பு) ÷ பழைய மதிப்பு × 100

இதில் வகுக்கும் எண் எப்போதும் பழைய மதிப்பே. இதை அடிமதிப்பு என்று கொள்வோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அடிமதிப்பு மாறிவிடுகிறது. அதனால்தான் அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது, பெருக்க வேண்டும். 20 சதவீத ஏற்றம் என்பது 1.20-ஆல் பெருக்குவது. 20 சதவீத இறக்கம் என்பது 0.80-ஆல் பெருக்குவது. 1.20 × 0.80 = 0.96. அதாவது பழைய விலையில் 4 சதவீதம் போய்விட்டது. பொதுவாக, ஒரு விலையை x சதவீதம் ஏற்றி, அதே x சதவீதம் இறக்கினால், இறுதியில் x² ÷ 100 சதவீதம் குறையும். 10 என்றால் 1 சதவீதம். 20 என்றால் 4 சதவீதம். 50 என்றால் 25 சதவீதம். முதலில் இறக்கிப் பின்பு ஏற்றினாலும் இதே குறைவுதான், ஏனெனில் பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது.

அப்படியானால் 600-ஐ மீண்டும் 500 ஆக்க எத்தனை சதவீதம் தள்ளுபடி தர வேண்டும்? குறைவது 100, அடிமதிப்பு 600. எனவே 16⅔ சதவீதம். பலகையில் நான் எழுதியிருக்க வேண்டிய எண் அதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலையில் 4 சதவீதம்தானே குறைந்தது, அது பெரிய நட்டமா என்று தோன்றலாம். முன்பு ஒரு சிலைக்கு இலாபம் 60 ரூபாய். இப்போது 40 ரூபாய். 60-இல் 20 போனால் இலாபம் 33⅓ சதவீதம் குறைந்துவிட்டது. அதே 20 ரூபாய், விலையில் வைத்துப் பார்த்தால் 4 சதவீதம். இலாபத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. வீட்டுச் செலவு இலாபத்திலிருந்து நடக்கிறதேயன்றி விலையிலிருந்து நடப்பதில்லை.

அதன் பிறகு எங்கள் ஊரிலேயே சதவீதங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண இந்தியத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இந்தியருக்கு 10 ரூபாயாக இருந்த கட்டணம் 2016-இல் 30 ரூபாய் ஆயிற்று. 2018-இல் 40 ரூபாய் ஆயிற்று. வெளிநாட்டவர்க்கு 250 ரூபாய், 500 ஆகிப் பின் 600 ஆயிற்று.

10 ரூபாய் 30 ஆனது எத்தனை சதவீத உயர்வு? மூன்று மடங்கு ஆனதால் 300 சதவீதம் என்பார் பலர். கூடியது 20, அடிமதிப்பு 10, உயர்வு 200 சதவீதமே. மூன்று மடங்கு ஆவது வேறு, மூன்று மடங்கு கூடுவது வேறு. அடுத்து 30 ரூபாய் 40 ஆனது 33⅓ சதவீத உயர்வு. இரண்டையும் கூட்டி மொத்தம் 233⅓ என்றால் தவறு. 10 ரூபாய் 40 ஆகியிருக்கிறது; மொத்த உயர்வு 300 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: 3 × 4/3 = 4. வெளிநாட்டவர் கட்டணமும் அப்படியே: 100 சதவீதமும் 20 சதவீதமும் சேர்ந்து 120 அன்று, 2 × 1.2 = 2.4, ஆகவே 140 சதவீதம். ரூபாயில் பார்த்தால் அதிகம் கூடியது வெளிநாட்டவர்க்கு. சதவீதத்தில் பார்த்தால் நமக்கு. இரண்டும் உண்மையே.

பெரிய எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நம் செங்கற்பட்டு மாவட்டம் 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பிரியாதிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 28,77,468, 2011-இல் 39,98,252. முதலில் மனத்திலேயே மதிப்பிடுவோம்: ஏறக்குறைய 29 இலட்சம் 40 இலட்சம் ஆயிற்று, 11-ஐ 29-ஆல் வகுத்தால் சுமார் 38 சதவீதம். சரியாகக் கணக்கிட்டால் 38.95 வரும். இப்படி முன்கூட்டி மதிப்பிட்டுக் கொண்டால், தசமப் புள்ளி இடம் மாறி 3.8 என்றோ 389 என்றோ வந்தால் உடனே தெரிந்துவிடும்.

சதவீதமே மாறும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி வீதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. கூடியது 0.40 தானே என்று சொல்லலாம். அது சதவீதப் புள்ளிக் கணக்கு. ஆனால் ஓர் இலட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 4,000 ரூபாயாக இருந்தது 4,400 ஆனால், கட்டுகிறவருக்கு வட்டிச் சுமை 10 சதவீதம் கூடிவிட்டது. வீதம் கூடியதா, தொகை கூடியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மாலை வேளைகளில் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வாழ்வியல் கணிதப் பாடம் சொல்லித் தருகிறேன். சூத்திரத்தை எழுதுமுன் கணக்கில் உள்ள ஒவ்வொரு சதவீதத்தின் மேலும் "எதில்?" என்று பென்சிலால் எழுதச் சொல்கிறேன். அதற்கு விடை எழுதிய பிறகே கணக்கைத் தொட வேண்டும். தலைகீழ்க் கணக்குகளில்தான் இப்பழக்கம் மிகவும் உதவுகிறது. "20 சதவீதம் தள்ளுபடி போக ஒரு பொருள் 480 ரூபாய், குறித்த விலை என்ன?" என்று கேட்டால், 480-இல் 20 சதவீதத்தைக் கூட்டி 576 என்பார்கள். எதில் 20 சதவீதம்? குறித்த விலையில். எனவே குறித்த விலையின் 80 சதவீதமே 480. குறித்த விலை 480 ÷ 0.80 = 600.

படிப்போர் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்:

1. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நம் கடற்கரையில் முன்பு 45 நாள். பின்னர் 61 நாள் ஆயிற்று. நாள்கள் எத்தனை சதவீதம் கூடின?

2. 2018-இல் 40 ரூபாய் நுழைவுச் சீட்டை ரொக்கமின்றி வாங்கினால் 35 ரூபாய் என்றார்கள். சலுகை எத்தனை சதவீதம்? சலுகையை நீக்கினால் உயர்வு எத்தனை சதவீதம்?

3. 25 சதவீதம் ஏற்றிய பின் ஒரு கருங்கல் விளக்கின் விலை 750 ரூபாய். பழைய விலை என்ன? அந்த விலைக்கே திரும்ப எத்தனை சதவீதம் இறக்க வேண்டும்?

விடைகள்: 1) ஏறக்குறைய 35.6 சதவீதம். 2) 12½ சதவீதம், 14²⁄₇ சதவீதம். 3) 600 ரூபாய், 20 சதவீதம்.

எங்கள் கடை வாசலில் அந்தப் பலகை இப்போது இல்லை. சிலையின் அடியில் 500 ரூபாய் என்றே எழுதி வைத்திருக்கிறோம். போன 1,500 ரூபாயைப் பற்றித் தந்தையார் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஏதேனும் தள்ளுபடி விளம்பரத்தைக் கண்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் முந்திக்கொண்டு, "எதில் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன், அப்பா" என்பேன்.