பாஸ்வேர்டு போட்ட ஆக்சஸ் பைலை புரோகிராமிலிருந்து திறப்பது எப்படி?

ஆக்சஸில் டேட்டாபேஸ் உருவாக்கக் கற்றுக் கொண்டவர்கள் அடுத்து அதற்கு ஒரு பாஸ்வேர்டு போட நினைப்பார்கள். அதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

2004ல் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கு விஷுவல் பேசிக் 6ல் கடன் கணக்கு புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கணக்கு முழுவதும் ஓர் எம்.டி.பி. பைலில் இருந்தது. ஒரு நாள் கடைப் பையன் அந்தப் பைலை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்து, ஒருவருடைய பாக்கியைத் தெரியாமல் மாற்றிவிட்டான். "தம்பி, இதுக்கு ஒரு பூட்டு போடுங்க" என்றார் அண்ணாச்சி.

அப்போதைய ஆக்சஸ் 2003ல், பைலை 'ஓப்பன் எக்ஸ்குளூசிவ்' முறையில் திறந்து, டூல்ஸ் மெனுவில் செக்யூரிட்டி, செட் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்று போக வேண்டும். இன்றைய ஆக்சஸிலும் அதே முறையில் திறந்து, பைல், இன்போ, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்று போக வேண்டும்.

பாஸ்வேர்டு போட்டேன். பையனால் திறக்க முடியவில்லை. என் புரோகிராமாலும் முடியவில்லை! மறுநாள் ஒன்றாம் தேதி. சம்பளம் வாங்கியவர்கள் பாக்கி கட்ட வருவார்கள்.

புரோகிராம் ஒரு டேட்டாபேஸைத் திறக்க, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் என்ற ஒரு வரி தேவை. எந்த இன்ஜின் மூலம் திறப்பது, பைல் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் அதில் செமிகோலன் இட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். அதன் கடைசியில் 'பாஸ்வேர்டு=' என்று சேர்த்துப் பார்த்தேன். ஒர்க்குரூப் இன்பர்மேஷன் பைலைக் காணவில்லை என்று மெசேஜ் வந்தது. அந்தப் பைலை நள்ளிரவு வரை தேடினேன். ஆபீஸ் தொகுப்பையே மறுபடி இன்ஸ்டால் செய்தேன். பலனில்லை.

தவறு என்னுடையதுதான். எம்.டி.பி. பைலுக்கு இரண்டு வகை பாஸ்வேர்டு உண்டு. ஒன்று, ஒவ்வொரு பயனாளருக்கும் தனித்தனியாகத் தருவது. ஒர்க்குரூப் பைல் அதற்குத்தான். மற்றது, பைல் முழுவதற்கும் ஒரே பூட்டு. வெறும் 'பாஸ்வேர்டு' என்றால் முதல் வகை என்று இன்ஜின் எடுத்துக் கொள்ளும். நான் போட்டதோ இரண்டாவது வகை. அதற்கு எழுத வேண்டியது இதுதான்:

புரொவைடர்=மைக்ரோசாப்ட்.ஜெட்.ஓஎல்இடிபி.4.0; டேட்டா சோர்ஸ்=பைலின் முழுப் பாதை; ஜெட் ஓஎல்இடிபி:டேட்டாபேஸ் பாஸ்வேர்டு=உங்கள் பாஸ்வேர்டு

(புரோகிராமில் இதை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.) அண்ணாச்சி கடை திறப்பதற்குள் புரோகிராம் ஓடியது.

கவனிக்க வேண்டியவை:

1. ஆக்சஸ் 2007 முதல் வந்த ஏ.சி.சி.டி.பி. பைல்களை ஜெட் திறக்காது. புரொவைடரை மைக்ரோசாப்ட்.ஏசிஇ.ஓஎல்இடிபி.12.0 என்று மாற்றுங்கள். பாஸ்வேர்டு பகுதியில் 'ஜெட்' என்ற சொல் அப்படியே இருக்கட்டும்.

2. சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் 'நாட் எ வேலிட் பாஸ்வேர்டு' என்று வந்தால், ஆக்சஸ் ஆப்ஷன்ஸில் கிளையன்ட் செட்டிங்ஸ் பகுதியில் 'யூஸ் லெகசி என்கிரிப்ஷன்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பிறகு பாஸ்வேர்டை நீக்கி மறுபடி போடுங்கள்.

3. டி.ஏ.ஓ. முறையில் எழுதுபவர்கள், ஓப்பன்டேட்டாபேஸ் கட்டளையின் நான்காவது இடத்தில் ';பிடபிள்யூடி=' என எழுதி, அதையடுத்து பாஸ்வேர்டைத் தர வேண்டும்.

4. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. செமிகோலனைத் தவிருங்கள்.

5. எம்.டி.பி. பைலின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. கடைப் பையனின் கைத்தவறைத் தடுக்க அந்தப் பூட்டு போதும். திருடனைத் தடுக்கப் போதாது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஏ.சி.சி.டி.பி. பைலையே பயன்படுத்துங்கள்.

பூட்டு போடும் முன் பைலை ஒரு காப்பி எடுத்துத் தனியாக வையுங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அண்ணாச்சி அதைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.